எனக்குப் பயமா இருக்கு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பெரியம்மா ராத்திரியில் படுப்பதில்லை. மூணாறிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறிப் போகிற ஓர் எஸ்டேட்டில், லயத்தின் கடைசி வீடு அவளுடையது. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பாள். மழைச் சத்தம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அதற்குள் வேறு ஏதாவது சத்தம் கலந்து வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள். விடிந்து பெரட்டு மணி அடித்ததும் மகனை எழுப்பி வேலைக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் சாய்வாள். ஐந்து வருடமாக மழைக்காலம் முழுக்க இப்படித்தான்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. அப்போது பெரும்பாலானவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. பெரியவரைப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. 70 பேர். 66 பேரின் உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம். மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் கொழுந்து எடுக்க மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். குவி என்று ஒரு நாய் தன் வீட்டுக் குழந்தையைத் தேடி நாட்கணக்கில் அலைந்து, எட்டாம் நாள் ஆற்றில் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. பெரியம்மா பெட்டிமுடிக்காரி இல்லை. ஆனால் அவளோடு ஒரே வரிசையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள் கட்டிக்கொண்டு போன ஊர் அது. ராஜமலையில் அவர்களை வரிசையாகப் புதைத்த இடத்துக்கு அவள் ஒரே ஒரு முறை போனாள். அதற்குப் பிறகு போகவில்லை.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் போயின. அங்கேயும் எஸ்டேட், அங்கேயும் லயம், அங்கேயும் ராத்திரி. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா எழுந்து போய்ப் பையை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த வருடம் மழை விட்ட பிறகும் அவள் அதை அவிழ்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அந்த லயத்தில் பிறந்தவன். அப்பா எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார். இப்போது இருப்பது பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். வருடத்துக்கு இரண்டு முறை போய், இருநூறு ரூபாயைக் கையில் வைத்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்கோங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வருகிறவன். உடம்பைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பையைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மனச்சோர்வைக் கண்டுபிடித்துக் கவனிக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஆஸ்வாசம். மலையாளத்தில் அதற்கு ஆறுதல் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது ஆசுவாசம் என்று விழுகிறது. ஏற்றம் ஏறிக் கூடையை இறக்கி வைத்தவள் மூச்சு வாங்குகிறாளே, அது. எனக்கு அந்தப் பெயர் ரொம்பவும் பிடித்துப்போனதால்தான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனேன் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை.

நர்ஸ் தங்கமான பெண். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விஷமம் உண்டோ அம்மே?" என்றாள். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலையாளம் அவளிடம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில், பயந்து உட்கார்ந்திருக்கும்போது, காது தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறது. மலையாளத்தில் விஷமம் என்றால் துயரம். நமக்கு அது சின்னப் பிள்ளை செய்கிற சேட்டை. அதேபோல அவர்களுடைய சங்கடம் அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நம்முடையது தர்மசங்கடத்துக்குப் பக்கத்தில். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் தாலுகாக்களில் தமிழர்களை மொழிச் சிறுபான்மையினர் என்று அரசு ஏற்று, மனு எழுதவும் பதில் பெறவும் தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதிவிடலாம். துக்கத்தைச் சொல்ல எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு கேள்வித்தாள். இரண்டு வாரமாகச் செய்கிற காரியங்களில் ஆர்வமோ சந்தோஷமோ குறைந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "கொழுந்து எடுக்குறதுல என்ன ஆர்வம்யா? மணியடிச்சா போகணும். முப்பத்தெட்டு வருசம் போனேன்." எந்தக் கட்டத்தில் கோடு போடுவது என்று நர்ஸுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உலகத்தின் நல்ல ஆராய்ச்சிகளில் எல்லாம் பயன்படுத்துகிற தாள் அது. அதைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வி, செய்கிற வேலையைத் தானே தேர்ந்தெடுத்த ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று அன்றைக்குப் பட்டது.

அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அப்போது வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி கவுன்சலிங்குக்கு வந்திருந்தாள். லயத்தில் வளர்ந்தவள். அவள் பயத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "பயம் வந்ததுக்கப்புறம் நீங்க என்னென்ன விட்டுட்டீங்க பாட்டி?" என்று கேட்டாள். பெரியம்மா விரல் மடக்கினாள். தூக்கம். மாரியம்மன் கோயில் பொங்கல். போடியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போவது. பிறகு நாலாவது விரலை மடக்கிவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "தோட்டம்" என்றாள் கடைசியில். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு துண்டு நிலம். பீன்ஸ், முட்டைக்கோஸ், ஒரு சௌசௌப் பந்தல். அங்கே நின்றால் மேலே மலை தெரியும். அதனால் ஐந்து வருடமாக அங்கே போகவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி. சுருக்கமாக ஆக்ட். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1978-இல் தன் துறைக் கூட்டத்தில் பேச எழுந்தபோது நெஞ்சு அடைத்து, வாய் திறந்தும் சத்தம் வராமல் நின்றார். அதற்குப் பின் சில வருடங்கள் பயத்தை ஒழிக்கப் பார்த்து, ஒழிக்க ஒழிக்க அது பெருகுவதைக் கண்டார். பயத்தோடு நடத்துகிற சண்டைதான் வாழ்க்கையைத் தின்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1986-இல் ராபர்ட் செட்டிலோடு சேர்ந்து மனச்சோர்வு உள்ளவர்களிடம் முதல் சிறு பரிசோதனையை வெளியிட்டார். 1999-இல் முறையான புத்தகம் வந்தது. நினைப்பும் உணர்ச்சியும் வந்தால் வரட்டும் என்று இடம் கொடுத்துவிட்டு, தனக்கு முக்கியமான காரியத்தை நோக்கிக் கைகால்களை நகர்த்துகிற திறனுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரை மன நெகிழ்வு என்று சொல்லலாம். அறிகுறி குறைந்ததா என்பதைவிட, விட்டுப்போன வாழ்க்கை திரும்பி வந்ததா என்பதுதான் அந்த முறை கேட்கிற கேள்வி.

படித்ததில் ஓர் ஆய்வு என்னை விடவே இல்லை. 2002-இல் பட்ரிசியா பாக்கும் ஹேய்ஸும் வெளியிட்டது. காதில் குரல் கேட்கிற, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று நம்புகிற நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 80 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு நான்கே நான்கு அமர்வுகள். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வு கிடைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தது மற்றவர்களில் பாதி அளவுதான். ஆச்சரியம் அதில் இல்லை. "குரல் கேட்கிறதா?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சொன்னவர்கள் அமர்வு கிடைத்த கூட்டத்தில்தான் அதிகம். குரலை அவர்கள் மறைக்கவில்லை. அது சொல்வதை முன்போல நம்பவும் இல்லை. கேட்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டில் இருந்துகொண்டார்கள்.

இந்தியாவிலும் ஒன்று நடந்திருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ள 18 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தச் சிகிச்சையும் மறு பகுதிக்கு யோகாவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த தோபியாஸ் லுண்ட்கிரனும் ஜோஆன் டாலும், இங்கிருந்து நரம்பியல் மருத்துவர் நந்தன் யார்டியும் சேர்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் வலிப்பு குறைந்தது. சிகிச்சை பெற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. 18 பேர் என்பது ஒரு ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறிப் போகிற ஆட்களின் எண்ணிக்கை. அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அது இங்கே நடந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த முறையில் ஒரு பயிற்சி உண்டு. நினைப்பையும் தன்னையும் பிரித்துப் பார்ப்பது. ஆங்கிலத்தில் துக்கத்தைச் சொல்லும் வழக்கமான வாக்கியம் "நான் துக்கம்" என்கிற மாதிரிதான் அமைகிறது. நானும் துக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் "எனக்குள் ஒரு துக்கம் இருப்பதைக் கவனிக்கிறேன்" என்று சுற்றிவளைத்துச் சொல்லப் பழக்குகிறார்கள். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் பெரியம்மா ஒரு நாளும் தன்னைப் பயம் என்று சொன்னதில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்பாள். கோபம் வருது, ஏக்கமா இருக்கு, மனசு கேக்க மாட்டேங்குது. தமிழில் உணர்ச்சி வாக்கியங்களில் நான் முன்னால் நிற்பதில்லை, எனக்கு என்று நான்காம் வேற்றுமையில் ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறது. பயம் வந்து, இருந்து, போகிற விருந்தாளி மாதிரி. மலையாளத்திலும் அப்படியே. எனிக்குப் பேடியாணு. நர்ஸுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே விஷமம் என்ற சொல் குறுக்கே நின்றது. எனக்கு என்பதில் இருக்கிற உருபோ இருவருக்கும் பொது.

இதை வைத்துத் தமிழன் ஏற்கெனவே எல்லாம் அறிந்தவன் என்று மார்தட்டக் கிளம்பினால் அது பொய். நான் என்று தொடங்கும் வாக்கியங்களும் நம்மிடம் இருக்கின்றன, அவைதான் கொல்லுகின்றன. "நான் ராசியில்லாதவ." பெரியப்பா செத்த வீட்டில் பெரியம்மா முதன்முதலாக இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவள் முன்வரிசைக்கு வந்ததில்லை. இதில் எனக்கு என்பது இல்லை, வருது போகுது என்பதும் இல்லை. பச்சை குத்தின மாதிரி நிற்கிற வாக்கியம். அந்த வண்டிப்பெரியாற்றுப் பெண் மூன்றாவது முறை சந்தித்தபோது இதைத்தான் தொட்டாள். "நான் ராசியில்லாதவ" என்பதோடு ஒரு வால் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். "நான் ராசியில்லாதவன்னு என் மனசு சொல்லுது." பெரியம்மா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "மனசு மட்டுமா சொல்லுது? ஊரே சொல்லுது" என்றாள். அந்தப் பெண் அதை மறுக்கவில்லை. "ஊர் சொல்லுதுன்னும் சொல்லிப் பாருங்க பாட்டி" என்றாள். அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது.

இன்னொரு பழைய பயிற்சி. ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் அர்த்தம் கழன்று வெறும் ஒலி மட்டும் மிஞ்சும் என்று டிட்சனர் என்கிற உளவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார். ஆக்டில் அதைப் பால் என்ற சொல்லை வைத்துச் செய்கிறார்கள். இங்கே கொழிஞ்சாம்பாறையில் என் நண்பர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் தென்னை. மலை மேலே மழை பயம் என்றால், இங்கே மழை இல்லாததுதான் பயம். பறம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் சித்தூர்ப் புழைக்கு வந்து சேர வேண்டும். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது இங்கத்திய வாழ்க்கை. நண்பருக்குத் தூக்கம் கெடுவது கடனால். அவரிடம் இந்தப் பயிற்சியைச் சொன்னேன். கடன் கடன் கடன் கடன் என்று சொல்லிக்கொண்டே போனார். இருபதாவது தடவையில் அது ஏதோ பறவை கத்துகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. "சொல்லு உதிர்ந்துருச்சுங்க. தவணை அப்படியே இருக்குதுங்க" என்றார்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக. உதிரக்கூடியது எது, உதிராதது எது?

ஆக்ட் என்ற பெயரில் முதல் பாதி ஏற்றுக்கொள்வது. தமிழில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஏத்துக்கோ. நம் வீடுகளில் இதைச் சொல்வது யார், யாரிடம்? மாமியார் மருமகளிடம். கங்காணி கொழுந்துக்காரியிடம். பொறுத்துப் போ, அனுசரிச்சுப் போ, வளைஞ்சு குடு. நெகிழ்வு என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வளைந்து கொடுப்பது என்றால் இங்கே முதுகை வளைப்பது. லயத்துப் பெண்ணுக்குப் பொறுத்துப் போக யாரும் சிகிச்சை அளிக்க வேண்டியதில்லை. அதில் அவள் நம் எல்லோருக்கும் வாத்தியார். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதையும், வீடு தங்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டவள் அவள். பெட்டிமுடிக்கு மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. அதில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. மண்ணில் புதைந்தவர்களின் குடும்பத்துக்கு ஐந்து லட்சம். அதையும் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் இவர்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு மருத்துவ முறை சொல்லுமானால், அது எவ்வளவு நல்ல ஆய்விலிருந்து வந்திருந்தாலும் எனக்கு வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தக் கோபத்தோடு படித்துக்கொண்டே போனபோதுதான் கமிட்மென்ட் என்கிற இரண்டாம் பாதி கண்ணில் பட்டது. ஏற்கச் சொல்வது தோலுக்கு உள்ளே வருவதை. பயம், துக்கம், நெஞ்சுப் படபடப்பு, நினைவு. இவற்றோடு பேரம் பேச முடியாது. தோலுக்கு வெளியே இருப்பது வேறு. ஒழுகுகிற கூரை, ஐந்து லட்சம், தவணை, சரிவுக்குக் கீழே கட்டிய லயம். அவற்றை ஏற்கச் சொல்லி அந்த முறையில் எங்கும் இல்லை. உள்ளே நடக்கிற சண்டையில் செலவாகிற பலத்தை மீட்டு, வெளியே செய்ய வேண்டிய காரியத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். பெயரில் பாதி இடம் அதற்குத்தான்.

இதை மூணாறுக்காரர்களுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டத்துப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள். 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலிக்கு 500 கேட்டார்கள். அக்டோபரில் 301 கிடைத்தது. கேட்ட உயர்வில் கால்வாசிதான் கூடியது என்றாலும் கேட்டது அவர்களே. பெரியம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பயமாக இல்லையா என்று அப்போது போனில் கேட்டேன். "கையெல்லாம் நடுங்குச்சுய்யா. நடுங்குன கையோடதான் பக்கத்துல இருந்தவ கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். நடுக்கம் நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று அவள் வீட்டில் இருந்துவிடவில்லை. அந்தச் சிகிச்சை முறையைப் பற்றி நான் படித்த எல்லாப் பக்கங்களையும்விட இந்த வாக்கியத்தில்தான் அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அதே பெண் ஐந்து வருடம் கழித்து ஒரு துண்டுத் தோட்டத்துக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ரோட்டில் அவளுக்குப் பக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். வாசற்படியில் அவள் ஒருத்தி.

கூட்டமாக உட்கார வைத்து இதைச் செய்ய முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் பார்த்திருக்கிறது. தெற்கு சூடானிலிருந்து போரில் தப்பி உகாண்டாவின் ரைனோ முகாமில் இருந்த 694 பெண்கள். ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அவர்கள் மொழியில் பதிவு செய்த குரல், படங்கள் நிறைந்த ஒரு சின்னப் புத்தகம். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்லர், கொஞ்ச நாள் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். 2020-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்தும் மனவேதனை குறைந்திருந்தது. குறைந்த அளவு சிறியது. துருக்கியில் சிரியா அகதிகள் 642 பேரிடம் செய்தபோது, ஆறு மாதம் கழித்து மனநோய் கண்டவர்கள் அமர்வு கிடைத்தவர்களில் 22 சதவீதம், கிடைக்காதவர்களில் 41. மேற்கு ஐரோப்பாவில் அதே முறையின் பலன் ஆறு மாதம் வரை நிற்கவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை நான் நம்புகிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெற்றி என்று வந்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே சச்சரவு உண்டு, இருக்கவும் வேண்டும். 2015-இல் 39 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடவும் வழக்கமான கவனிப்பைவிடவும் இது மேல் என்றும், ஏற்கெனவே நிலைபெற்ற நடத்தைச் சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல முடியாது என்றும் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஊஸ்ட், பல ஆய்வுகளின் தரம் போதாது என்று வெளிப்படையாக எழுதினார். மன நெகிழ்வை அளக்கப் பரவலாகப் பயன்படுத்துகிற ஏழு கேள்விகள் கொண்ட தாள் உண்மையில் நெகிழ்வை அளக்கிறதா, வேதனையையே வேறு பெயரில் அளக்கிறதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. பெரியம்மாவிடம் கேட்ட அந்த முதல் கேள்வி எனக்கு மறுபடி ஞாபகம் வருகிறது. அளவுகோல் வேறொருத்தருடைய வாழ்க்கையை வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கேரளம் வலிதணிப்பு மருத்துவத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன மாநிலம். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கியதை, சில வருடங்களில் அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே தூக்கிச் சுமந்தார்கள். சாகக் கிடக்கிறவருக்கு வலிக்காமல் இருப்பது டாக்டரின் வேலை மட்டும் இல்லை, தெருவின் வேலை என்று அவர்கள் காட்டினார்கள். கோவாவில் விக்ரம் படேலின் குழு உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் பரிசோதித்து, பலன் உண்டு என்று 2017-இல் காட்டியது. இந்த இரண்டு அனுபவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, லயத்துப் பெண்களில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, லயத்துத் தமிழில், பெரட்டுக் களத்திலோ பால் சொசைட்டித் திண்ணையிலோ இதை நடத்திப் பார்க்க முடியாதா? கட்டணமில்லாத 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பது நல்ல விஷயம். மழைக்காலத்தில் முதலில் போவது டவர் என்பதைப் பெட்டிமுடிக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படி நடத்தும்போது இரண்டாம் பாதியைக் கத்தரித்துவிடக் கூடாது. பயத்துக்கு இடம் கொடு என்று சொல்கிற அதே வாயால், சரிவுக்குக் கீழே இருக்கிற லயம் எப்போது இடம் மாறும் என்றும் கேட்க வேண்டும். பெரியம்மாவின் பயம் நோய் மட்டும் இல்லை. அதில் பாதி, சரியான தகவல். 1924-இல் பெய்த மழையை மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. மூணாற்றின் குட்டி ரயிலே அதில் போயிற்று. அதைப் பார்த்தவர்களின் பேத்தி அவள். மலை விழும் என்பது அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அதற்குக் காவல் இருந்தால் விழாது என்று நினைக்கிற அந்தப் பாதியைத்தான் கழற்ற வேண்டும். மற்றப் பாதியை மனுவாக எழுதிக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும்.

இந்த வருடம் இடவப்பாதி மழை தொடங்கி ஒரு வாரம் கழித்துப் போயிருந்தேன். லயத்தில் பெரியம்மா இல்லை. பேத்தி பின்பக்கம் கையைக் காட்டினாள். தூறல். சரிவில் பழைய சௌசௌப் பந்தலின் கால்கள் மக்கிச் சாய்ந்திருந்தன. இரண்டு புதுக் கம்பு நட்டிருந்தது. கம்பளியைத் தலைக்கு மேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து பீன்ஸ் விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். விரலால் ஒரு குழி, ரெண்டு விதை, மண் தள்ளி ஒரு தட்டு. மூன்று குழிக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே மலையைப் பார்த்தாள். பிறகு நாலாவது குழி. முந்தானை முடிச்சில் அந்தப் பை இருந்தது.

"பயம் போயிருச்சா பெரியம்மா?"

"எங்கய்யா போச்சு? இருக்கு" என்றாள். "அந்தக் கம்பக் கொஞ்சம் புடி."

புடித்துக்கொண்டேன்.